ஆம்புரோஸ் டயக்னாஸ்டிக் சென்டர்

என் வீட்டுக்காரர் ஆம்புரோஸுக்கு நான் பேசுவதைத் தவிர உலகத்தில் எல்லாச் சத்தமும் கேட்கும். அதிலும் கார் என்ஜின் சத்தம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பானெட்டைத் திறந்து, கையைக் கட்டி, தலையைச் சாய்த்து மூன்று நிமிடம் நிற்பார். பிறகு "நல்ல வண்டிலா" என்பார். அப்படி அவர் காதால் பார்த்துச் சொன்ன கடைசி வண்டி என் அக்கா மகன் கேப்ரியலுடையது. வாங்கிய ஐந்தாவது வாரமே அது நெடுஞ்சாலையில் புகைவிட்டு நின்றுபோனது. இப்போது எங்கள் வீட்டுப் பின்புறம் கோவைக்கொடி படர்ந்து கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வரும் கேப்ரியல் பின்பக்கம் போவதே இல்லை.

அதனால்தான் எங்கள் மகள் பெர்னடெட்டுக்குக் கார் பார்க்கும் பேச்சு வந்ததும் நான் முதலில் அந்தக் கோவைக்கொடியைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவள் தாதி. ஈப்போவிலிருந்து சிலிம் ரிவருக்கு மாற்றல் கடிதம் வந்திருந்தது. போய்ச் சேர இரண்டு மாதம் அவகாசம். அங்கே இன்னும் இரண்டு தாதிகளோடு ஒரு வீடு பிடித்திருந்தாள். பழைய ரப்பர் தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எட்டுக் கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வேலையோ ஷிப்ட் வேலை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நிறம் எதுவாக இருந்தாலும் சரி, அழகே இல்லாவிட்டாலும் சரி, செம்பனைக் காட்டு நடுவில் தன்னைத் தனியே நிறுத்திவிடாத கார் ஒன்று வேண்டும். ஐந்து வருடச் சேமிப்பில் ஒரு பழைய கார்தான் வாங்க முடியும். அது தப்பாகிப் போனால் இன்னொன்றுக்கு வழியில்லை. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

இவர் மார்பைத் தட்டிக்கொண்டு, இந்த முறை காதை நம்பப்போவதில்லை, விஞ்ஞானத்தை நம்பப்போகிறேன் என்றார். இந்தக் காலத்துக் கார்கள் தமக்கு என்ன கோளாறு என்று தாமே உள்ளே குறித்து வைத்துக்கொள்ளுமாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு துளை இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண்ணைப் படித்துக் காட்டும். சரி, நல்ல யோசனைதான், ஒன்றை வாங்கித் தொலையுங்கள் என்றேன். அங்கேதான் நான் தவறு செய்தேன். இவர் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் எடுக்காமல் வாங்கமாட்டார்.

முதல் வேலையாக மாதா கோயில் ஆண்கள் சங்கத்து வாட்சப் குழுவில், எந்த ஸ்கேனர் நல்லது என்று கேட்டார். அறுபத்தொரு பேர் இருக்கும் குழு. பதினான்கு படங்களும் இரண்டு ஜெபங்களும் ஒரு டுரியான் விளம்பரமும் வந்தன. ஸ்கேனரைக் கையால் தொட்டிராதவர்கள்தான் நீளமாக எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் இவர் ஒரு கட்டம் போட்ட நோட்டில் எழுதினார்.

பெர்னடெட் அதற்குள் தன் வேலையை முடித்துவிட்டாள். ஒரு துண்டுத் தாளில் நாலே வரி. என்ஜினை மட்டுமல்ல, கியர்பாக்ஸ், பிரேக், ஏர்பேக் நான்கையும் படிக்க வேண்டும். உள்ளூர்க் கார்களைப் புரிந்துகொள்ள வேண்டும். கார் ஓடும்போதே அளவுகளைக் காட்ட வேண்டும். முன்பு பார்த்த கார்களின் ரிப்போர்ட்டை நினைவில் வைத்திருக்க வேண்டும். இவர் அதைப் படித்து, நல்லா இருக்கு என்று சொல்லி, நோட்டுக்குள் செருகிவைத்துவிட்டு, இணையக் கடையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்த கட்டைவிரல் அளவு நீலச் சாமான் ஒன்றை வாங்கினார்.

அது கைப்பேசியோடு பேசும். அண்டை வீட்டு செல்லாயி அக்காவின் காரில் செருகினார். 'கோளாறு இல்லை' என்றது. செல்லாயி அக்காவின் காரைப் பற்றி இந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும். அது வருவதைத் தெருமுனையிலேயே கேட்டுப் பூனைகள் எழுந்து ஓடும். இருந்தும் இவருக்கு ஒரே சந்தோஷம். பெர்னடெட் வந்து அந்தச் சாமானைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி பாருங்கப்பா என்றாள். காரில் செருகாமலே 'கோளாறு இல்லை' என்று காட்டியது.

இரண்டாவது, கையடக்கமானது, இரண்டு வரித் திரை. என்ஜினை மட்டும்தான் படிக்கும், அதுவும் வெறும் எண். எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பார்க்க முப்பது பக்கம் அச்செடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்தார். இதற்கிடையில் தாப்பாவில் கலாதேவி என்ற ஆசிரியை, ஒரே கை ஓட்டிய தன் காரை விற்பதாகச் சொல்லியிருந்தார். சர்வீஸ் புத்தகம் முதல் நாளிலிருந்து இருந்தது. இவர், மூணாவது கொட்டேஷன் வரட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா பத்து நாள் காத்திருந்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தராசு சரியில்லை என்று பிள்ளையை எடை போடாமல் திருப்பி அனுப்பியவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில் மூன்றாவது வந்தது. சிவப்பு ரப்பர் விளிம்பு போட்ட டேப்லெட், கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டியில். பெர்னடெட் எழுதிக்கொடுத்த நாலு வரிக்கும் அது பொருந்தியது. இவர் அதற்காக வாங்கவில்லை, பெட்டிக்காக வாங்கினார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது இவருக்கு முதுகு நிமிர்ந்ததை நானே பார்த்தேன். முதலில் திறந்ததும் அது பட்டறையின் பெயரைக் கேட்டது. காபி ஆறும்வரை யோசித்து, 'ஆம்புரோஸ் டயக்னாஸ்டிக் சென்டர்' என்று தட்டினார். இனி அது எழுதும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் தலையிலும் அந்தப் பெயர் இருக்கும்.

கருவியைப் பழக்கிக்கொள்ளக் கார் வேண்டுமே. எங்கள் சொந்தக் கார் இருபத்தேழு வயதுக் கிழவி, கரும்பச்சை. அதில் அந்தத் துளையே கிடையாது. அதை இவர் தவிர யாரும் ஓட்டியதில்லை. நான் இடப்பக்கக் கண்ணாடியைத் தொட்டால்கூட முகம் மாறும். ஆகவே தவக்கால ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கார் நிறுத்துமிடத்தில் பெட்டியைத் திறந்தார்.

அந்த டேப்லெட்டில் 'படி' என்று ஒரு பட்டன், 'அழி' என்று ஒரு பட்டன். முதல் ஞாயிறு பாடகர் குழுவில் உள்ள ஒரு பெண்ணின் காரில் செருகி, படி என்று நினைத்து அழியை அழுத்திவிட்டார். நாலு மாதமாக டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு அணைந்துபோனது. கோளாறு அப்படியேதான் இருந்தது. கார் எழுதி வைத்திருந்த குறிப்பு மட்டும் காணாமல் போனது. அந்தப் பெண்ணோ சந்தோஷத்தில் கண் கலங்கி இவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு வரிசை நின்றது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நிற்பதுபோல் கார்கள் வேலியோரம் வரை நின்றன. உள்ளே ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஏழு பேர். வெளியே இவரிடம் இருபத்திரண்டு கார். உள்ளே போனால் செய்ததைச் சொல்ல வேண்டும், வருந்த வேண்டும், அபராதமாக ஜெபம் சொல்ல வேண்டும். இவரிடம் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. இவர் காரையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. குனிவார், செருகுவார், திரையைப் பார்ப்பார், அழிப்பார், அடுத்தது என்பார்.

அந்த வரிசையில் மார்கஸ் வந்தான். கோயிலில் வாசகம் வாசிப்பவன், நல்ல குரல், இவருக்கு மச்சான் முறை. அவன் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கியர் மாறும்போது ஒரு குலுக்கல் இருப்பதாகவும் சொன்னான். இவர் அழித்தார். திரும்ப வருமா என்று மார்கஸ் கேட்டான். நான் பீஹூன் தட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"வரும். அது வர்றதுக்குள்ள வித்துடுலா, மச்சான்" என்றார் இவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன்.

பெர்னடெட் கிளம்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜெலாப்பாங்கில் பழைய கார் விற்கும் மகேந்திரனின் கடைக்கு மூன்று பேரும் போனோம். மகேந்திரன், வாங்கண்ணே என்று நாற்காலி போட்டு ஐஸ் கொப்பி வாங்கிக் கொடுத்தான். பார்க்க நல்ல பையன்தான். நேற்றுத்தான் வந்தது என்று ஒரு வெள்ளைக் காரைக் காட்டினான். வெள்ளைக் கார் என்றால் ஈப்போவில் ரெண்டு காரில் ஒன்று வெள்ளைதான். கிராண்ட்டில் உரிமையாளராக யாரோ ஒரு பெண்ணின் பெயர். உள்ளே சுத்தமாக இருந்தது, பெர்னடெட்டுக்குப் பிடித்திருந்தது.

இவர் பெட்டியைத் திறந்து செருகினார். திரையில் ஏதோ ஒரு கட்டம் குறுக்கே வந்து நின்றது. விளம்பரம் என்று சொல்லி மூடினார். இருபது நிமிடம் ஓடியது. என்ஜின் பச்சை, கியர்பாக்ஸ் பச்சை, பிரேக் பச்சை, ஏர்பேக் பச்சை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஐந்து வரி ஆரஞ்சு நிறத்தில், 'இன்னும் முடியவில்லை' என்று நின்றது. பெர்னடெட் அது என்னவென்று கேட்டாள். கார் ஓடாமல் கிடந்தால் அப்படித்தான் காட்டும், ஓட்ட ஓட்டப் பச்சையாகிவிடும் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பச்சை வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மனசு அவசரப்படும்போது கண் பச்சையைத்தான் பார்க்கும். மகள் தன் ஐந்து வருடத்தையும் அங்கேயே கொடுத்தாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து காருக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வீட்டுக்கு வந்ததும் செல்லாயி அக்கா நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நாலு சக்கரத்துக்கும் வைத்தாள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால், எனக்கு ஃபாதரின் தீர்த்தத்தைவிட அந்தப் பச்சை வரிகள்தான் தைரியம் கொடுத்தன. மார்கஸ் அன்றைக்குப் பூசைக்கு வரவில்லை. வாசகத்தை வேறு யாரோ திக்கித் திக்கி வாசித்தார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பினாள். பகல் இரண்டு மணிக்குள் மருத்துவமனையில் கையெழுத்துப் போட வேண்டும். இவர் டேப்லெட் பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, வழியில் சந்தேகம் வந்தால் செருகிப் பார் என்றார். அவளும் மறுக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

பத்தரை மணிக்குத் தொலைபேசி வந்தது. தாப்பா தாண்டி, பீடோருக்கு முன்னால், இரண்டு பக்கமும் செம்பனை. மிதித்தால் என்ஜின் கத்துகிறது, கார் நகரவில்லை, மஞ்சள் விளக்கு எரிகிறது என்றாள். குரல் நடுங்கவில்லை. அவள் வேலையே அப்படி. மற்றவர்கள் நடுங்கும்போது அவள் நடுங்கக் கூடாது. இவர் ஸ்பீக்கரைப் போட்டு, டேப்லெட்டைச் செருகச் சொன்னார்.

"செருகிட்டேன்ப்பா. பி0730ன்னு வருது. கியர்பாக்ஸாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இருங்க, குறுக்க ஒரு கட்டம் வருது. இந்த வண்டிய முன்னமே இதுல பார்த்திருக்கு, பழைய ரிப்போர்ட்டப் பாக்குறீங்களான்னு கேக்குது" என்றாள்.

இவர் விளம்பரம் என்று நினைத்து மூடிய கட்டம் அதுதான். அவள் திறந்தாள். மகேந்திரன் கடையில் பார்த்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அதை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். தேதி, பதினைந்து நாளைக்கு முந்திய ஞாயிறு. நேரம், காலை ஒன்பது நாற்பது. கோளாறு, பி0730. செய்தது, அழிக்கப்பட்டது. பட்டறை, ஆம்புரோஸ் டயக்னாஸ்டிக் சென்டர்.

அந்த ஞாயிறு கியர் குலுங்குகிறது என்று சொன்னவன் மார்கஸ் ஒருவன்தான். தன் மாமியார் பெயரில் இருந்த காரை இவர் சொன்னபடியே விற்றிருக்கிறான். மகேந்திரன் விளக்கு எரியாத காரை நம்பி வாங்கியிருக்கிறான். நாங்கள் அந்த விளக்கை அணைத்த அதே கருவியைக் கொண்டுபோய், விளக்கு அணைந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறோம். அந்த ஐந்து ஆரஞ்சு வரியும் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாம். இதைப் பிறகு ஒரு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

இவருக்குப் பழக்கம் விடுமா?

"இப்போதைக்கு அழிச்சுட்டு மெதுவா ஓட்டிப் பாக்குறியாம்மா" என்றார்.

"அழிச்சுட்டு யாருக்குப்பா விக்கிறது?" என்றாள் பெர்னடெட்.

மார்கஸிடம் இவர் சொன்னது அவளுக்குத் தெரியாது. கோயில் வாசலில் அன்றைக்கு அவள் இல்லை. வீட்டில் அது தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும்தான். இவர் என்னைப் பார்க்கவில்லை. என்னாலும் அவரைத் திட்ட முடியவில்லை, பீஹூன் தட்டோடு நின்று சிரித்தது நான்தானே.

கார் இழுக்கும் லாரிக்காரர் ஒருவர், பீடோர்ச் சீனக் கிழவர், வழியில் அவளைப் பார்த்து நிறுத்தினார். வெள்ளைக் காரை பீடோரில் ஒரு பட்டறையில் இறக்கிவிட்டு, அவளை சிலிம் ரிவர் வரை கொண்டுபோய் விட்டார். ஒன்று ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

இவர் மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குக் கரும்பச்சைக் காரின் சாவியை எடுத்து, வா கெர்ட்ரூட் என்றார். நேரே சிலிம் ரிவருக்குப் போனோம். மருத்துவமனைக்கு வெளியே காத்திருந்து, அவள் சீருடையோடு வந்ததும் சாவியை அவள் கையில் வைத்தார். இருபத்தேழு வருடத்தில் இன்னொருவர் கைக்கு அது போவதை அப்போதுதான் பார்த்தேன்.

"இதுல எதையும் செருகிப் பாக்க முடியாதும்மா. ஆனா நிக்காது" என்றார்.

அவள் வாங்கிக்கொண்டு, டேப்லெட் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். நானும் இவரும் பஸ்ஸில் திரும்பினோம். தாப்பா தாண்டும் வரை இவர் சன்னல் பக்கமே திரும்பியிருந்தார். தோளைத் தொட்டேன், அழுதுகொண்டிருந்தார்.

மகேந்திரனிடம் சண்டை போடப் போகலாம் என்று செல்லாயி அக்கா சொன்னாள். ரிப்போர்ட்டில் யார் பெயர் இருக்கிறது என்று காட்டியதும் அவளும் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக் கார் இப்போது எங்கள் தலையில். பட்டறையில் நகரும் அளவுக்கு ஒப்பேற்றி எடுத்துவந்து, கியர்பாக்ஸ் மாற்றும்வரை பக்கத்துக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஆமை வேகத்தில் ஓட்டுகிறார். விளக்கு எரிகிறது. அதை அழிக்கக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தை இவர் மீறவில்லை.

ஈஸ்டருக்கு மறு ஞாயிறு கோயிலில் மறுபடி வரிசை நின்றது. இவர் பெட்டியைத் திறந்து, இனிமேல் படித்து மட்டும் சொல்வேன், அழிக்கமாட்டேன் என்று அறிவித்தார். முதலில் இருந்தவருக்கு வீட்டில் வேலை நினைவுக்கு வந்தது. இரண்டாமவருக்குச் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் பதினெட்டுக் காரும் போய்விட்டன. தங்கள் காருக்கு என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள ஒருவரும் நிற்கவில்லை.

ஒரே ஒரு கார் மட்டும் நின்றது. உள்ளே மார்கஸ். எங்கள் கதை எதுவும் அவன் காதுக்கு எட்டவில்லை என்பது அவன் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. வேறொரு பழைய கார் வாங்கியிருக்கிறான், சாம்பல் நிறம். வாங்கி எட்டே நாளில் மஞ்சள் விளக்கு வந்துவிட்டதாம்.

"யாரோ பாவி விளக்க அழிச்சுட்டு என் தலையில கட்டிட்டான், மச்சான்" என்றான்.

இவர் என்னைப் பார்த்தார். நான் மார்கஸின் டாஷ்போர்டைப் பார்த்தேன். இவர் குனிந்து செருகினார். இந்த முறை காரைச் சுற்றி வந்து நம்பரையும் பார்த்தார். கோளாற்றை வாசித்து, ஒரு தாளில் எழுதி, மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி மார்கஸ் கையில் கொடுத்தார். அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, இப்போதைக்கு அந்த இன்னொரு பட்டனை ஒரு தடவை அழுத்திவிடக் கூடாதா என்று கேட்டான்.

"அந்தப் பட்டன் ரோசாக்லா, மச்சான். வேல செய்யாது" என்றார் இவர்.

கோயில் வாசலில் நின்று சொன்ன பச்சைப் பொய் அது. அடுத்த முறை ஃபாதரிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.